பலகை அறுக்க எந்தச் சங்கிலி? செயின்சாவோடு புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

விழுந்து கிடக்கும் ஒரு நல்ல அடிமரத்தை விறகாக வெட்டிப் போட மனம் வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் ஒரு செயின்சாவும், அதன் பாரில் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டில்) பூட்டிக்கொள்ளும் அறுவைச் சட்டமும் இருந்தால், மரம் கிடக்கும் இடத்திலேயே பலகை எடுத்துவிடலாம். இந்தச் சட்டத்தை 'அலாஸ்கன் மில்' என்று உலகம் முழுவதும் அழைக்கிறார்கள். புதிதாக வருபவர்களில் பலர் சட்டத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, செயின்சாவோடு வந்த சங்கிலியையே போட்டு அறுக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாம் பலகைக்குள் இயந்திரம் திணறுகிறது, பலகையின் முகமெல்லாம் ஆழமான கீறல் விழுகிறது, கை மரத்துப்போகிறது. அவர்கள் இயந்திரத்தைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குறை சங்கிலியில்தான் இருக்கிறது.

சங்கிலியைத் தேர்ந்தெடுப்பது கடினமான வேலை அல்ல. ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் உங்கள் செயின்சா எந்தச் சங்கிலியை ஏற்கும் என்று பார்க்க வேண்டும். பிறகுதான் பல்லின் வடிவம், கோணம் எல்லாம். அதற்கும் முன்னால், பலகை அறுப்புக்கு ஏன் தனிச் சங்கிலி வேண்டும் என்பது விளங்கினால் மற்ற முடிவுகள் தாமாக வந்துவிடும்.

நாரும் பல்லும்

மரத்தை நெருக்கமாகக் கட்டிய வைக்கோல் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். நார்கள் எல்லாம் அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் ஓடுகின்றன. மரத்தைத் துண்டு போடும்போது சங்கிலி அந்தக் கட்டைக் குறுக்கே வெட்டுகிறது. அப்போது கடினமான வேலையைச் செய்வது பல்லின் கூரிய முனையும், பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும் பக்கத்தகடும். அவை நாரை இரண்டு ஓரத்திலும் அறுத்துவிடுகின்றன. அறுந்து நிற்கும் நாரை, பல்லின் மேலே மடிந்து படுத்திருக்கும் மேல்தகடு சுலபமாகப் பெயர்த்து எடுத்துவிடுகிறது.

பலகை அறுக்கும்போது இந்த வேலைப் பங்கீடு தலைகீழாகிறது. பார் மரத்தின் குறுக்கே படுத்திருக்கிறது, ஆனால் நகர்வது நீளவாக்கில். வைக்கோல் கட்டின் தலைப்பக்கத்திலிருந்து உள்ளே போவதைப் போன்றது இது. ஒவ்வொரு நாரையும் சிறிது சிறிதாக நறுக்கித் தள்ள வேண்டியது இப்போது மேல்தகட்டின் விளிம்பு. தச்சர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பலகையின் முகத்தில் வழுக்கிக்கொண்டு போகும் இழைப்புளி, அதே பலகையின் தலைமுனையில் முரண்டு பிடிக்கும். செயின்சா அந்தத் தலைமுனையைத்தான் எட்டு அடி, பத்து அடி தூரத்துக்கு விடாமல் இழைக்கிறது. முழு வேகத்தில், முழுச் சுமையில், இடைவெளி இல்லாமல்.

சாதாரணச் சங்கிலியில் மேல்தகட்டின் விளிம்பு 25 முதல் 35 பாகை வரை சாய்ந்திருக்கும். குறுக்கு வெட்டுக்கு அந்தச் சாய்வு அருமையானது. தலைமுனையில் அது ஒவ்வொரு பல்லையும் பக்கவாட்டில் இழுக்கிறது, இடப்பல் ஒரு பக்கம், வலப்பல் மறுபக்கம். பலகையில் தெரியும் கீறலுக்கும் கையில் ஏறும் அதிர்வுக்கும் அதுவே காரணம். பலகைச் சங்கிலியில் அந்தக் கோணத்தைப் பொதுவாக 10 பாகைக்குக் குறைத்திருப்பார்கள். விளிம்பு ஏறக்குறைய நேராக நிற்பதால், பல் உளியைப் போல நேராக முன்னே செல்கிறது.

இன்றைய சங்கிலிப் பல்லின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோ காக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டின் புழுவைக் கவனித்தார். அதன் வாயின் இரண்டு தாடைகளும் மாறி மாறி இடமும் வலமுமாகச் சுரண்டின. அதைப் பார்த்தே வளைந்த பல்லை இடம், வலம் என மாற்றி மாற்றி அமைத்த சங்கிலியை உருவாக்கி, அடுத்த ஆண்டே விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாம் இன்று பூட்டும் எல்லாச் சங்கிலியும் அந்தப் பல்லின் வழிவந்தவை. பலகைக்காக நாம் முக்கியமாக மாற்றுவது அதன் கோணத்தைத்தான்.

முதல் படி: மூன்று எண்கள்

கடைக்குப் போகும் முன் மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை.

பிட்ச் என்பது சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் மையத் தூரத்தை அளந்து, இரண்டால் வகுத்தால் வருவது. 0.325 அங்குலம், 3/8 அங்குலம், 0.404 அங்குலம் ஆகியவை அதிகம் புழங்குபவை. இவற்றோடு '3/8 லோ புரொஃபைல்' என்று ஒரு குட்டைச் சங்கிலியும் உண்டு. பெயரில் 3/8 இருப்பதால் இதுவும் சாதாரண 3/8-ம் ஒன்று என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்கான பல்சக்கரத்தில் மற்றொன்றை ஓட்டக் கூடாது. இயந்திரத்தின் பல்சக்கரம், பாரின் மூக்கில் உள்ள பல்சக்கரம், சங்கிலி ஆகிய மூன்றும் ஒரே பிட்ச்சில் இருந்தே ஆக வேண்டும்.

கேஜ் என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்க்கின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். அங்குலத்தில் சொன்னால் 0.043, 0.050, 0.058, 0.063. பள்ளத்தை விடத் தடித்தது உள்ளே இறங்காது. மெலிந்தது இறங்கிவிடும், அதனால்தான் அது ஆபத்து. பள்ளத்துக்குள் சங்கிலி சாய்ந்து ஆடும், பலகை அலையலையாக வரும், பாரின் விளிம்பும் தேயும்.

மூன்றாவது, டிரைவ் லிங்க் எண்ணிக்கை. பாரின் நீளத்தை மட்டும் சொல்லிச் சங்கிலி வாங்காதீர்கள். 20 அங்குல பார் என்றால் ஒரு நிறுவனத்தில் 70 லிங்க், இன்னொன்றில் 72 லிங்க். நீளத்தை மட்டும் சொல்லி நான் வாங்கிய முதல் சங்கிலி இரண்டு லிங்க் குறைவாக இருந்தது. அறுக்க வேண்டிய மரம் கட்டையில் ஏற்றித் தயாராகக் கிடக்க, ஒரு நாள் முழுவதும் வீணானது. பழைய சங்கிலியைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு லிங்க்காகத் தொட்டு எண்ணுங்கள். பிறகு இன்னொரு முறை எண்ணுங்கள்.

இந்த எண்கள் பெரும்பாலும் பாரின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். டிரைவ் லிங்க்கிலும் ஒரு குறி இருக்கும். ஓரிகன் என்ற நிறுவனத்தின் சங்கிலிகளில் 72, 73, 75 ஆகிய மூன்றும் 3/8 பிட்ச். வேறுபாடு கேஜில்தான்: முறையே 0.050, 0.058, 0.063 அங்குலம். அந்த எண்ணோடு 'ஆர்டி' என்ற எழுத்துகள் சேர்ந்து 72ஆர்டி, 73ஆர்டி, 75ஆர்டி என்று வந்தால் அது பலகை அறுப்புக்கான சங்கிலி. ஸ்டில் நிறுவனத்தின் குட்டை பிட்ச்சில் இதே வேலைக்கு வருவது 63 பிஎம்எக்ஸ்.

இரண்டாம் படி: இயந்திரத்தின் வலுவும் மரத்தின் அகலமும்

பலகை அறுப்பைப் போல ஒரு செயின்சாவை வாட்டி எடுக்கும் வேலை வேறில்லை. இங்கே ஆசைக்கு இடம் கொடுக்காமல் கணக்குப் பாருங்கள்.

ஐம்பது சிசி அளவிலான இயந்திரத்துக்கு 3/8 லோ புரொஃபைல் சங்கிலியே பொருத்தம். அதன் வெட்டுத்தடம் குறுகலானது, எடுக்கும் மரம் குறைவு, ஆகவே இயந்திரத்துக்குப் பளுவும் குறைவு. ஓர் அடி அகலத்துக்கு மேற்படாத மரங்களோடு நிறுத்திக்கொண்டால் அது நன்றாகவே உழைக்கும். அறுபது, எழுபது சிசி இயந்திரங்களில் 20 அங்குல பாரோடு 3/8 அல்லது 0.325 போடலாம். இரண்டடி அகலமுள்ள மரத்தை அறுக்க வேண்டுமென்றால் எண்பது, தொண்ணூறு சிசியும் சாதாரண 3/8 சங்கிலியும் வேண்டும். 0.404 மிகப் பெரிய இயந்திரங்களுக்கானது. வலுவானது, ஆனால் மரத்தை நிறையத் தின்னும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது தேவைப்படாது.

மரத்தைத் தின்னும் என்றேன், அது சின்ன விஷயம் அல்ல. சாதாரண 3/8 சங்கிலியின் தடம் ஏறக்குறைய 9 மி.மீ. பத்து முறை அறுத்தால் 9 செ.மீ. மரம் தூளாகக் கீழே விழுகிறது. ஓர் அங்குலப் பலகை மூன்றுக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. லோ புரொஃபைல் ஒவ்வொரு வெட்டிலும் ஓரிரு மி.மீ. மிச்சப்படுத்தும். இதற்காகவே அனுபவசாலிகள் சிலர் பெரிய இயந்திரத்தில் பல்சக்கரத்தையும் பாரையும் மாற்றி, லோ புரொஃபைல் சங்கிலியை ஓட்டுகிறார்கள். அந்தச் சிறிய சங்கிலி பெரிய இயந்திரத்தின் இழுப்பில் அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். சில காலம் கைப்பழக்கம் வந்தபின் யோசிக்க வேண்டிய காரியம் அது.

பாரின் நீளத்தைக் கணக்கிடும்போது, அறுவைச் சட்டத்தின் பிடிகளுக்குப் போகும் இடத்தைக் கழித்துவிடுங்கள். சட்டத்தைப் பொறுத்து நான்கு அங்குலமோ அதற்கு மேலோ குறையும். 24 அங்குல பார் 24 அங்குலப் பலகையைத் தராது.

மூன்றாம் படி: பல்லின் வடிவம்

முழு உளிப்பல், அரை உளிப்பல் என்று இரண்டு வகை. முழு உளிப்பல்லின் முனை சதுரமாகக் கூர்மையாக இருக்கும். சுத்தமான மரத்தில் அதன் வேகம் அதிகம். ஆனால் ஒரு மணல் துகள் பட்டாலே அந்த முனை போய்விடும். அரை உளிப்பல்லின் முனை சற்று உருண்டையானது, கொஞ்சம் மெதுவானது, கூர் நெடுநேரம் நிற்கும். தொடங்குபவர்கள் அரை உளிப்பல் வாங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தரையில் உருண்ட அடிமரத்தின் பட்டையில் மண் ஒட்டாமல் இருப்பது அரிது. வைரம் பாய்ந்த மரங்களிலும், தேக்கைப் போல உள்ளுக்குள்ளேயே சிலிகா கொண்ட மரங்களிலும் முனை இன்னும் சீக்கிரம் மழுங்கும்.

அடுத்து, பற்களின் நெருக்கம். முழு வரிசைச் சங்கிலியில் இரண்டு டிரைவ் லிங்க்குக்கு ஒரு வெட்டுப்பல். இடைவிட்ட வரிசையில் மூன்றுக்கு ஒன்று. 24 அங்குல பாரில் பெரும்பாலும் வரும் 84 லிங்க் சங்கிலியை எடுத்துக்கொண்டால், முதலாவதில் 42 பல், இரண்டாவதில் 28 பல். பல் குறைந்தால் தூள் வெளியேற இடம் கிடைக்கும், இயந்திரத்துக்கு இழுவை குறையும், தீட்ட வேண்டிய பல்லும் குறையும். மாறாகப் பலகையின் முகம் சற்றுக் கரடாகும். 24 அங்குலம் வரை முழு வரிசையே நல்லது. அதைத் தாண்டினால், அதிலும் இயந்திரம் திணறினால், இடைவிட்ட வரிசைக்குப் போகலாம்.

கிரான்பெர்க் பாணிச் சங்கிலி என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதில் சில பற்களின் மேல்தகட்டைப் பெரும்பகுதி நீக்கியிருப்பார்கள். அவை தடத்தின் ஓரங்களைக் கீறிக்கொண்டே முன்னே போகும். பின்னால் வரும் முழுப் பற்கள் நடுவில் நிற்பதை எடுத்துவிடும். பலகையின் முகம் அழகாக வரும். எனினும் இரண்டு வகைப் பல்லையும் சரியான ஒழுங்கில் தீட்டிப் பழக வேண்டும் என்பதால் முதல் சங்கிலியாக அதை வாங்கச் சொல்லமாட்டேன். கார்பைடு முனை வைத்த சங்கிலி நீண்ட நாள் மழுங்காது. ஆனால் மரத்துக்குள் ஓர் ஆணி இருந்தால் முனைகள் தெறித்துவிடும், சாதாரண அரத்தால் அதைத் தீட்டவும் முடியாது. உதைப்பை, அதாவது பார் திடீரென்று நம் பக்கம் எகிறுவதை, குறைக்கவென்று பல்லுக்கு இடையில் கூடுதல் மேடு வைத்து வரும் சங்கிலிகள் தூளை அடைத்துக்கொள்ளும். பலகை வேலைக்கு அவை உதவா.

கையில் இருக்கும் சாதாரணச் சங்கிலியையே பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பயன்படுத்தலாம், அறுக்கும். சில மரங்களில் வேகமாகக்கூட அறுக்கும், முகம்தான் கரடாக வரும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கோணத்தை 30இலிருந்து 25, 20 என்று சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தால், சில தீட்டல்களில் அதுவே 10 பாகைச் சங்கிலியாகிவிடும். ஒரே மூச்சில் மாற்ற முயன்றால் பல்லின் பாதி அரத்துக்கே போய்விடும்.

நான்காம் படி: வாங்கும்போதே அரத்தையும் வாங்குங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூரான சாதாரணச் சங்கிலி, மழுங்கிய பலகைச் சங்கிலியை விட நன்றாக அறுக்கும். விலை உயர்ந்த ஒரே சங்கிலியை வாங்குவதை விட, ஒரே மாதிரியான எளிய சங்கிலிகள் இரண்டோ மூன்றோ வாங்கி, எல்லாவற்றையும் தீட்டி வைத்துக்கொள்வது மேல். ஒரு பலகை முடிந்ததும் சங்கிலியை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம், ஓய்வான நேரத்தில் நிதானமாகத் தீட்டலாம்.

வட்ட அரத்தின் அளவு சங்கிலியைப் பொறுத்தது. லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ., 0.325-க்கு 4.8, சாதாரண 3/8-க்கு 5.2 அல்லது 5.5, 0.404-க்கு 5.5. சங்கிலியின் பெட்டியில் எந்த அளவு போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். அரத்தை வழிநடத்தும் பிடியில் 10 பாகைக்கான கோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 30 பாகைக் கோடு மட்டும் உள்ள பிடி இங்கே உங்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும்.

இடப் பற்களும் வலப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு பக்கத்தை அழுத்தியும் மறுபக்கத்தை மேலோட்டமாகவும் தீட்டிவிடுவது இயல்பு. விறகு வெட்டும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பலகையிலோ, சங்கிலி நீளமான பல் உள்ள பக்கமாகச் சாயும், பார் வளையும், நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் பலகை வரும். ஒரு பக்கத்துக்கு எத்தனை இழுப்பு என்று எண்ணி, மறுபக்கத்துக்கும் அத்தனையே இழுங்கள். ஐந்தாறு தீட்டலுக்கு ஒரு முறை, மிகக் குட்டையான பல்லைத் தேடி, மற்ற எல்லாவற்றையும் அதன் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறதே, அதை ரேக்கர் என்பார்கள். பல் ஒரு முறையில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. பல்லின் விளிம்பிலிருந்து சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருப்பது 3/8 சங்கிலிக்கு வழக்கமான அளவு. பல்லைத் தீட்டத் தீட்ட அது பின்னோக்கித் தேய்ந்து தாழும், ஆகவே ரேக்கரையும் தட்டை அரத்தால் அவ்வப்போது இறக்க வேண்டும். வேகத்துக்கு ஆசைப்பட்டு அதிகமாக இறக்கிவிட்டால் பல் தலைமுனை நாரை வாரிப் பிடித்துக்கொள்ளும், இயந்திரம் வெட்டி வெட்டி இழுக்கும், சங்கிலி நீண்டு தொங்கும்.

எப்போது தீட்டுவது? பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பல்லைப் பாருங்கள். விளிம்பில் வெளிச்சம் பட்டு வெள்ளைக்கோடு மின்னினால் கூர் போய்விட்டது. தூளைப் பார்த்து முடிவுசெய்வதில் மட்டும் கவனம் வேண்டும். குறுக்கு வெட்டில் மாவு போலத் தூள் வந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது என்று சொல்லித் தருவார்கள். பலகை அறுப்பில் நல்ல கூரான சங்கிலியே பொடியாகத்தான் தள்ளும். விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். ரவை போல நெறுநெறுவென்று இருந்தால் சரி. முகப்பவுடர் போல வழவழத்தால் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் பலகை

புதுச் சங்கிலியைப் பூட்டியதும் சுமை இல்லாமல் சில நிமிடங்கள் ஓட்டி, ஆறவிட்டு, இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். பாரின் அடியில் தொங்காமல், அதே சமயம் கையுறை அணிந்த கையால் இழுத்தால் ஓடும்படி இருக்க வேண்டும். அறுக்கும்போது சூட்டில் சங்கிலி நீளும், நடுவே இறுக்க நேரும். அப்படி இறுக்கியதை வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கிப் பாரையும் இயந்திரத்தின் தண்டையும் நெருக்கும்.

அறுக்கும் தடத்தில் உள்ள பட்டையை முன்கூட்டியே செதுக்கி எடுங்கள். கம்பி, ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், வீடுகளுக்கும் வேலிகளுக்கும் அருகில் நின்ற மரம் என்றால் கூடுதலாக. எண்ணெய் விடும் திருகை முழுவதும் திறந்து வையுங்கள். 24 அங்குலத்துக்கு மேற்பட்ட பார் என்றால் மூக்குப் பக்கத்தில் தனியாக எண்ணெய் சொட்டவிடும் டப்பா ஒன்றைப் பொருத்துவது சங்கிலியின் ஆயுளைக் கூட்டும். கார்புரேட்டரையும் பெட்ரோல் சற்று அதிகமாகப் போகும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீண்ட வெட்டில் இயந்திரம் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

காதுக்கு அடைப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்கு வெட்டுத் தடுப்பு உடையும் கட்டாயம். மூக்குக்கு நல்ல முகமூடியும் வேண்டும். இந்த வேலையில் வரும் நுண்தூளும் புகையும் நீங்கள் நடக்கும் வழியிலேயே நிற்கின்றன. பக்கத்தில் நிற்பவர் யாரும் சங்கிலி ஓடும் கோட்டுக்கு நேராக நிற்கக் கூடாது. சங்கிலி அறுந்தால் அதன் துண்டு அந்தக் கோட்டில்தான் பறக்கும்.

வெட்டு ஓரடி நகர்ந்ததும் பின்னால் திறக்கும் வாயில் சிறு ஆப்பு ஒன்றைச் செருகுங்கள், பலகை பாரின் மேல் அமராது. சட்டத்தை முதுகின் பலத்தால் தள்ளாதீர்கள். மரத்தின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, சரிவில் அறுத்தால் இயந்திரத்தின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். பலகையைப் புரட்டி முகத்தைப் பாருங்கள். சீரான மெல்லிய கோடுகள் என்றால் அடுத்ததைத் தொடங்கலாம். சில பற்கள் மட்டும் ஆழமாகக் கீறியிருந்தால், அறுப்பதை நிறுத்திவிட்டுச் சங்கிலியைக் கழற்றி, அந்தப் பற்களைத் தேடிக் கண்டுபிடித்து அரத்தை எடுங்கள்.